எடையில்லாத ஈயை எட்ட வீசுவது எப்படி?

ஏரிக்கரையில் தூண்டில் போடுகிறவர் தங்கூசி நரம்பில் ஈயக் குண்டு ஒன்றைக் கட்டிச் சுழற்றி எறிகிறார். குண்டு பறக்கிறது, நரம்பு அதன் பின்னால் ஓடுகிறது. டிரவுட் மீனுக்காகப் போடும் ‘ஈத் தூண்டிலில்’ இந்த வசதி கிடையாது. அதில் இரை என்பது முள்ளின்மேல் இறகையும் நூலையும் சுற்றிக் கட்டிய பொய் ஈ. எடை என்று சொல்லவே ஒன்றுமில்லை. கையால் எறிந்தால் சில அடிகளிலேயே காற்று அதை நிறுத்திவிடும். ஆனாலும் தேர்ந்தவர்கள் அந்த ஈயை 30 மீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் இறக்குகிறார்கள்.

இதில் பறப்பது கயிறு. ஈ அதில் தொற்றிக்கொண்டு போகிறது. ஈயத்தில் இருக்க வேண்டிய எடையைப் பிளாஸ்டிக் பூச்சுள்ள கனமான கயிற்றின் நீளம் முழுக்கப் பரப்பிவைத்திருக்கிறார்கள். கயிறுகளுக்கு எடைவாரியாக எண்களும் உண்டு. பரவலாகப் புழங்கும் 5ஆம் எண் கயிற்றில் முதல் 30 அடியின் எடை 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம். அதற்கேற்ற கோலின் நீளம் பெரும்பாலும் 9 அடி.

பரவிக் கிடக்கும் எடையை ஒரே மூச்சில் எறிய முடியாது. முதலில் கயிற்றைப் பின்பக்கமாக வீசி, அது காற்றில் நீண்டு விரிந்ததும் முன்பக்கம் வீச வேண்டும். வீச்சின் முடிவில் கோலைச் சட்டென்று நிறுத்தினால் கோல்நுனியோடு சேர்ந்த கயிறும் நின்றுவிடும். மீதிக் கயிறு அதற்கு மேலாகப் பாய்ந்து முன்னேறும். நிற்கும் கயிறும் ஓடும் கயிறும் சேருமிடத்தில், மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு போல ஒரு மடிப்பு உருவாகி முன்னோக்கி உருண்டு போகும். மடிப்பு ஒடுக்கமாக இருந்தால் காற்றின் தடை குறையும், வீச்சு எட்டும். அகன்றால் பாதி வழியிலேயே வேகம் செத்துவிடும்.

மடிப்பின் அகலத்தைத் தீர்மானிப்பது கோல்நுனி போகும் பாதை. கையை ஆட்டினால் விறைப்பான குச்சியின் நுனி வில்போல வளைந்துதான் போகும். வளையும் கோலின் அருமை இங்கேதான் தெரிகிறது. விசை ஏற ஏறக் கோல் கூடுதலாக வளைகிறது. வளைந்த கோலின் உயரம் குறைகிறது. அதனால் நுனி ஏறி இறங்காமல் ஏறக்குறைய நேர்க்கோட்டில் நகர்கிறது. ஆனால் விசை படிப்படியாக ஏற வேண்டும். தொடக்கத்திலேயே வெடுக்கென்று இழுத்தால் கோல் அளவுக்கு மீறி வளையும், நுனி கீழே அமுங்கி எழும், கயிற்றின் மேல்பாதி கீழ்ப்பாதியில் உரசிச் சிக்கும். இப்படி விழும் முடிச்சுக்குத் தூண்டில்காரர்கள் ‘காற்று முடிச்சு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பழி காற்றுக்கு, குற்றம் கைக்கு!

எட்ட வீச வேண்டும் என்ற ஆசையில் பலரும் செய்வது இந்த வெடுக்கைத்தான். உண்மையில் கயிறு நீள நீள, கோல் கடக்கும் கோணத்தைக் கொஞ்சம் அகலமாக்கி, பின்னால் காத்திருக்கும் நேரத்தையும் கூட்ட வேண்டும். கயிறு விரிவதற்குள் முன்னே வீசினால், பாதி வீச்சு தொய்வை இழுப்பதிலேயே வீணாகிவிடும்.

அடுத்த முன்னேற்றம் மறு கையிலிருந்து வந்தது. 1934இல் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த அமெரிக்க தேசியப் போட்டியில் ஒரிகன் மாநிலத்து மார்வின் ஹெட்ஜ் 147 அடி வீசி, பழைய சாதனையை 20 அடிக்கும் மேல் தாண்டினார். அவர் கையாண்டது ‘இரட்டை இழுப்பு’. வலக்கை கோலை வீசும்போதே இடக்கை கயிற்றைக் கீழ்நோக்கி இழுக்கிறது. கோலின் வேகத்தோடு இந்த வேகமும் சேர்கிறது. கயிறு பின்னால் விரியும்போது, இழுத்த நீளத்தைக் கை திரும்பக் கொடுத்துவிடுகிறது. முன்வீச்சில் மறுபடி ஓர் இழுப்பு. கடைசியில் கோல் நின்ற பிறகு பிடியை விட்டால், காலடியில் சுருண்டு கிடக்கும் கயிறும் கூடவே பாயும். நிற்பதற்கு முன்பே விட்டால் இழுவிசை போய்விடும்.

புஜபலத்துக்கு இதில் எவ்வளவு பங்கு? ஜோன் உல்ஃப் என்ற அமெரிக்கப் பெண்மணி 1951இல் ஆண்களே எதிராளிகளாக இருந்த தூரப் போட்டியில் வென்றார். 1960இல் 161 அடி, அதாவது 49 மீட்டர் வீசினார்.

பழகுவதற்கு ஆறு தேவையில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் வீச்சுப் பயிற்சிக்கென்றே குளங்கள் கட்டியிருக்கிறார்கள். புல்தரையும் போதும், முள்ளுக்குப் பதில் ஒரு கம்பளி நூல்துண்டைக் கட்டிக்கொள்ளலாம். மடிப்பு ஒடுக்கமாக உருளும் நீளத்தை முதலில் கண்டுபிடித்து, அது நிலைத்த பிறகே ஓரிரு அடி கூட்ட வேண்டும். வீச்சு குறுகிப்போனால் தலையைத் திருப்பிப் பின்னால் பாருங்கள். கோளாறு பெரும்பாலும் பின்வீச்சில்தான் இருக்கும். அங்கே கயிறு நேராக விரியாத வரை முன்னால் எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை.