கிழங்குத் தண்ணீரில் எரியும் அடுப்பு

திருப்பூர் நல்லூர்ப் பக்கம் கழிவுநீர் என்றாலே சாயப்பட்டறைதான், கூடவே செலவுக் கணக்கும். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சொட்டுத் தண்ணீரும் வெளியே போகாமல் வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி உப்பாக்குவதற்குள் கரன்ட் பில் எகிறிவிடுகிறது.

சேலம், ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் கணக்கு வேறு. அங்கே கழிவுநீரே எரிபொருள் தருகிறது.

ஜவ்வரிசிக்காகக் குச்சிக்கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, திப்பியைச் சலித்துவிட்டு மாவுப்பாலைத் தொட்டியில் தெளியவிடுவார்கள். மாவு அடியில் படியும். மேலே நிற்கும் தண்ணீரில் படியாத மாவும் சர்க்கரையும் நிறைய இருக்கும். அதை வெளியே விட்டால் இட்லி மாவு போலப் புளித்து ஊரையே நாறடிக்கும்.

அந்தப் புளிப்பைத்தான் மூடிய தொட்டிக்குள் நடத்துகிறார்கள். காற்றுப் புகாத இடத்தில் ஒரு கூட்டம் நுண்ணுயிரிகள் மாவை அமிலமாக்க, இன்னொரு கூட்டம் அமிலத்தை மீத்தேனாக்கும். இரண்டாம் கூட்டம் மெதுவானது, நோஞ்சானும்கூட. ஒரேயடியாகத் தண்ணீரை விட்டால் அமிலம் தேங்கி அது செத்துப்போகும். தொட்டியைத் தொடங்கும்போது சாணம் கரைத்து விடுவதும், புளிப்பு மிஞ்சினால் சுண்ணாம்பு போடுவதும் இதற்காகத்தான். 1970களில் நெதர்லாந்து ஆய்வாளர் லெட்டிங்காவின் குழுவினர் ஒரு நல்ல வழி கண்டார்கள்: தண்ணீரைக் கீழிருந்து மேலே, நுண்ணுயிரிகள் அடர்ந்த சேற்றுப் படுகை வழியாக ஏற்றுவது. நுண்ணுயிரிகள் தண்ணீரோடு அடித்துக்கொண்டு போவதில்லை. தொட்டியும் சிறிதாகிறது.

அழுக்கைச் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதே தண்ணீருக்கு அளவுகோல். ஒரு கிலோ ஆக்சிஜன் கேட்கும் அழுக்கு நீங்கினால் ஏறத்தாழ 350 லிட்டர் மீத்தேன் கிடைக்கும். அதை ஜெனரேட்டருக்கு விடலாம், ஜவ்வரிசி வறுக்கவும் எரிக்கலாம். ஆனால் வாயு எடுத்ததோடு தண்ணீர் சுத்தமாகிவிடாது. காற்றூட்டும் தொட்டி அதன் பிறகும் வேண்டும். வருமானம் தராத வேலை என்பதால் கண்காணிப்பு தேவைப்படுவது இங்கேதான்.

இதைச் சாயத் தண்ணீருக்குச் செய்யலாமா என்றால், முடியாது. அதிலிருப்பது பெரும்பாலும் உப்பு. உப்பை எந்த நுண்ணுயிரியும் தின்று வாயுவாக்காது. பின்னலாடைக்குக் கஞ்சியும் கிடையாது. ஆனால் தறித் துணியின் பாவுக்கு மாவுக் கஞ்சி போடுகிறார்களே, அதை நீக்கிய தண்ணீரைச் சாயத்தோடு கலக்காமல் தனியே பிடித்தால், பல்லடம் தறிக்காரர்களும் யோசிக்க வேண்டிய வழி இது.