சர்வர் பச்சை, மெயில் எங்கே?

வேலைக்கு விண்ணப்பிக்கிறீங்க. கடைசி நாள். ஓடிபி மெயில்ல வரணும், 10 நிமிஷம்தான் செல்லுபடி. வரவே இல்லை. ஆனா அந்த மெயில் சர்வரைக் கண்காணிக்கிற டாஷ்போர்டு முழுக்கப் பச்சை. எப்படி?

அந்த டாஷ்போர்டு பெரும்பாலும் பார்ப்பது ஒண்ணே ஒண்ணுதான்: 25-ஆம் போர்ட்டைத் தட்டினா 220-ன்னு பதில் வருதா? இது வாசல்ல வாட்ச்மேன் சல்யூட் அடிக்கிற மாதிரி. உள்ளே வேலை நடக்குதான்னு தெரியாது. மெயிலைக் கொடுத்ததும் வர்ற 250-க்குக்கூட 'வாங்கிக்கிட்டேன்'னுதான் அர்த்தம். அதுக்கப்புறம் மெயில் க்யூவில் காத்துக் கிடக்கலாம். ஒரு முயற்சி தோற்றால் அடுத்ததுக்குப் பொதுவா 30 நிமிடமாவது பொறுக்கணும்னு எஸ்எம்டிபி விதியான ஆர்எஃப்சி 5321 சொல்லுது. ஓடிபி அதுவரை தாங்காது.

அதனால பயனர் செய்றதையே ஒரு ஸ்கிரிப்ட் செய்யட்டும். நம்ம நெட்வொர்க்குக்கு வெளியே ஒரு மெஷின். 5 நிமிஷத்துக்கு ஒரு டெஸ்ட் மெயில், ஒவ்வொண்ணுக்கும் தனி எண். அதே மெஷின் ஐமேப்ல லாகின் பண்ணி, அந்த மெயில் இன்பாக்ஸ்ல எப்போ தெரியுதுன்னு குறிச்சுக்கணும். அனுப்பினதுக்கும் வந்ததுக்கும் ஒரே கடிகாரம், குழப்பம் இல்லை. வராமலே போன மெயிலையும் தோல்வின்னு எண்ணணும்.

சராசரியை நம்பாதீங்க. 100 மெயில்ல 95 மெயில் 2 நொடியில, 5 மெயில் 900 நொடியில வந்தா, சராசரி சுமார் 47 நொடி. பார்க்க நல்லாத்தான் இருக்கு. 99-ஆவது பெர்சன்டைல் என்ன சொல்லுது? 15 நிமிடம். அதாவது, 5 பேருக்கு ஓடிபி காலாவதி.