வெள்ளைச் சீட்டு யாருக்கு?

ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஒவ்வொரு வாக்காளர் கையிலும் நான்கு சீட்டுகள் தருகிறார்கள். ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். இளஞ்சிவப்புச் சீட்டில் யாருக்குக் குத்துவது என்பதைப் பலர் பல வாரங்களுக்கு முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள். மற்ற மூன்றும் பெரும்பாலும் சாவடிக்கு நடந்து போகும் வழியில்தான் முடிவாகின்றன.

இதற்குக் காரணம் உண்டு. தலைவர் பதவி ஊரின் கௌரவப் பிரச்சினை. தெரு, சாதி, பங்காளி, பணம் எல்லாம் அந்த ஒரு பதவியைச் சுற்றியே திரள்கின்றன. தலைவர், வார்டு உறுப்பினர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ போன்ற சுயேச்சைச் சின்னங்கள்தான். ஆகவே ஆளைப் பார்த்துத்தான் ஓட்டுப் போட்டாக வேண்டும். பச்சையிலும் மஞ்சளிலும் நிலைமை நேர்மாறு. சட்டப்படி ஒன்றிய வார்டு சுமார் 5,000 மக்களுக்கு ஒன்று. மாவட்ட வார்டு சுமார் 50,000 பேருக்கு ஒன்று. பத்துப் பன்னிரண்டு ஊர் தாண்டியிருக்கும் வேட்பாளரின் முகம் யாருக்குத் தெரியும்? கட்சிச் சின்னத்தைப் பார்த்துக் குத்திவிட்டு வருகிறோம்.

மிக மோசமாகக் கைவிடப்படுவது வெள்ளைச் சீட்டு. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் நடந்த தேர்தலில் வார்டு உறுப்பினர் இடங்கள் மட்டும் 76,746. அவற்றில் 18,000-க்கும் மேற்பட்டவற்றில் போட்டியே இல்லை. ஏறத்தாழ நாலில் ஒரு வார்டில் மக்களுக்குத் தேர்ந்தெடுக்கும் வேலையே இருக்கவில்லை. சில இடங்களில் ஊர் ஒற்றுமை காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் 'மெம்பர்ல என்ன இருக்கு' என்ற எண்ணமும் அதில் பங்கு வகித்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அந்த எண்ணம் தவறு. துணைத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சி நிதியிலிருந்து பணம் எடுக்கும் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும் என்பது 1994-ம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வைத்திருக்கும் கட்டுப்பாடு. வீட்டுவரியும் அரசு மானியமும் எங்கே செலவாகின்றன என்று தடுத்துக் கேட்கக்கூடிய இரண்டாவது ஆள் துணைத் தலைவர்தான். தலைவருக்கு வேண்டியவர்களாகவே மன்றம் முழுதும் நிரம்பிவிட்டால், அந்த இரண்டாவது கையெழுத்து வெறும் சடங்காகிவிடும். குழாயில் தண்ணீர் வராததையும் தெருவிளக்கு எரியாததையும் மன்றக் கூட்டத்தில் எழுப்ப வேண்டியவரும் நம் தெருவின் மெம்பர்தான்.

பச்சை, மஞ்சள் சீட்டுகளின் பலன் இன்னும் கண்ணுக்குத் தெரியாதது. ஒன்றியக் குழுத் தலைவரையும் மாவட்ட ஊராட்சித் தலைவரையும் இந்தக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஒன்றியப் பள்ளியின் கட்டடம் பழுதுபார்க்கப்படுவதும் ஊர்களை இணைக்கும் சாலைகளும் ஒன்றியத்தைச் சார்ந்தவை. சிவகங்கை மாவட்ட ஊராட்சியில் 16 இடங்களும் இரண்டு அணிகளுக்குச் சரிபாதியாகப் பிரிந்தன. 2020 ஜனவரியில் நடந்திருக்க வேண்டிய தலைவர் தேர்தல் பலமுறை தள்ளிப்போய் டிசம்பரில்தான் நடந்தது. ஒரே ஒரு வார்டு வேறு பக்கம் சாய்ந்திருந்தால் அந்த இழுபறிக்கே இடமில்லை.

நகரத்தில் கதை வேறு. 2022 பிப்ரவரியில் நடந்த சென்னை மாநகராட்சித் தேர்தலில் வாக்களித்தவர்கள் சுமார் 43 சதவீதம் மட்டுமே. குப்பை, மழைநீர் வடிகால் பற்றித் தினமும் புலம்பும் நகரத்தில் பாதிக்கும் மேற்பட்டோர் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கவே வரவில்லை. ஊரகத்தில் மக்கள் வருகிறார்கள். ஆனால் ஒரு சீட்டுக்காக மட்டும் யோசித்துவிட்டு வருகிறார்கள்.

தெரியாத வேட்பாளரை எப்படி அறிவது? கேள்விகள் சாதாரணமானவை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. அவற்றுக்கு இந்த ஆள் வந்திருக்கிறாரா, எழுந்து பேசியிருக்கிறாரா என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்கலாம். ஏற்கெனவே பதவியில் இருந்தவர் என்றால் தீர்மானங்களில் எதை எழுப்பினார் என்று கேட்கலாம். வேட்புமனுவோடு தரப்படும் சொத்து, வழக்கு விவரங்களைப் பார்க்கலாம். பெண்களுக்குப் பாதி இடம் ஒதுக்கப்பட்ட இந்தப் பதவிகளில், கணவரும் மகனும் பேச வந்தால், 'அம்மாவே வந்து பேசட்டும்' என்று மரியாதையோடு சொல்லலாம். அந்த ஒரு கோரிக்கையிலேயே பாதி உண்மை வெளிவந்துவிடும்.

2019-ல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, அந்த ஊராட்சிகள் தனி அலுவலர்கள் பொறுப்புக்குப் போயின. உங்கள் ஊரில் அடுத்த தேர்தல் அறிவிப்பு வந்ததும் தலைவர் வேட்பாளரைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்காதீர்கள். உங்கள் வார்டில் யார் நிற்கிறார் என்று கேளுங்கள். யாரும் நிற்கவில்லை என்றால், நிற்கத் தகுதியான ஒருவரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள்.