உள்ளூர்க்காரர்கள் குளிக்கும் கடல்

கோடையில் இத்தாலிக்குப் போகிறோம் என்று சொன்னால் போதும், எல்லோரும் அமால்ஃபி படத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். படம் அழகுதான். ஆனால் ஆகஸ்டில் அங்கே துண்டு விரிக்க இடம் கிடைப்பதே பெரும்பாடு. அதே சலேர்னோ மாவட்டத்தில் இன்னும் தெற்கே போனால் சிலெந்தோ என்ற கடலோரம் வருகிறது. நேபிள்ஸிலிருந்து ரயிலேறி அக்ரோபோலியிலோ அஷேயாவிலோ இறங்கிக்கொள்ளலாம். மகள் குடும்பத்தோடு நானும் என் மனைவியும் ஒரு வாரம் அங்கே தங்கினோம்.

வைத்தியனான எனக்கு அந்த ஊர்ப்பக்கம் போக வேறொரு காரணமும் உண்டு. உணவுக்கும் இதய நோய்க்கும் உள்ள உறவை ஏழு நாடுகளில் ஆராய்ந்த அமெரிக்கர் ஆன்ஸல் கீஸ், பல வருடங்கள் குடியிருந்தது அங்குள்ள பியோப்பி என்ற மீனவக் கிராமத்தில்தான். 1904-ல் பிறந்து, 101 வயதை எட்டச் சில வாரங்கள் இருக்கும்போது 2004-ல் காலமானார். அவர் சாப்பாட்டைப் பற்றி நிறைய எழுதினார். அந்த ஊர்க்காரர்கள் கடலில் குளிக்கும் முறையையும் கொஞ்சம் கவனிக்கலாமே என்பது என் ஆசை.

கடற்கரையில் இரண்டு வகை. ஒன்று ‘லிடோ’: குடை, சாய்வு நாற்காலி எல்லாம் வாடகைக்கு. இன்னொன்று ‘ஸ்பியாஜ்ஜா லிபெரா’, அதாவது இலவசக் கடற்கரை. இத்தாலியில் கடற்கரை அரசுச் சொத்து. லிடோ நடத்துபவர் குத்தகைக்காரர்தான். அலை வந்து தொடும் ஓரத்துக்குப் போகவும் குளிக்கவும் யாரும் காசு கேட்க முடியாது. உள்ளூர்க்காரர்கள் துண்டும் தண்ணீர் பாட்டிலுமாக இலவசக் கரைக்குத்தான் வருகிறார்கள். ரொட்டிக் கடைக்காரரிடம் “நீங்க எங்கே குளிப்பீங்க?” என்று கேட்டால் போதும், கையைக் காட்டிவிடுவார். பியோப்பியில் கரையெல்லாம் கூழாங்கல், ரப்பர் செருப்பு அவசியம். அச்சரோலியிலும் அஷேயாவிலும் நல்ல மணல்.

முதல் நாள் ஒரு கரையில் பழுப்பு இலைகள் குவிந்து கிடந்ததைப் பார்த்து என் மனைவி, “என்னங்க இது, ஒரே குப்பையா இருக்கு” என்றார். அது குப்பையில்லை. பொசிடோனியா என்ற கடற்புல். வேரும் பூவும் உள்ள தாவரம், மத்தியதரைக் கடலில் மட்டுமே வளர்வது. தெளிந்த தண்ணீரில்தான் செழிக்கும். ஆகவே அது ஒதுங்கும் கரையைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். நாம் தேட வேண்டியது அறிவிப்புப் பலகையை. தண்ணீர்ப் பரிசோதனை முடிவை அதில் எழுதியிருப்பார்கள். ‘திவியேத்தோ’ என்ற சொல் இருந்தால் குளிக்கத் தடை என்று பொருள். ஆறு கடலில் கலக்கும் இடத்தில், அதுவும் மழைக்கு மறுநாள், இறங்காமலிருப்பதே நல்லது.

சிவப்புக் கொடி பறந்தால் பேச்சே இல்லை, கரையிலேயே உட்காருங்கள். இலவசக் கரைகளில் பல இடங்களில் உயிர்காப்பாளர் இருக்கமாட்டார். குழந்தைகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கடல் சுத்தமாக இருப்பது தானாக நடந்ததல்ல. பியோப்பியும் அச்சரோலியும் அடங்கிய பொல்லிகா ஊராட்சியின் மேயராக இருந்தவர் ஆஞ்செலோ வஸ்ஸல்லோ. மீனவர். கடலைக் காப்பதில் விடாப்பிடியாக நின்றவர். 2010 செப்டம்பர் 5-ஆம் தேதி இரவு அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அச்சரோலியில் அந்தத் தண்ணீரில் இறங்கியபோது அவர் நினைப்பு வராமல் இல்லை.

காலை எட்டு மணிக்கே குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ஒரு மணி ஆனதும் கரை காலி! அந்த மதிய நேரத்துக்கு ‘கோன்த்ரோரா’ என்றே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். வீட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டுச் சாப்பாடு, தூக்கம். நனைத்த கட்டி ரொட்டியில் தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்த ‘அக்வாசாலே’ அந்த வெயிலுக்கு ரொம்பப் பொருத்தம். கோடையில் அங்கே வெயில் உச்சிக்கு வருவது பகல் ஒரு மணி வாக்கில். உச்சிப்பகல் பித்தம் ஓங்கும் வேளை என்று நம் சித்த மருத்துவம் சொல்லும் கணக்கும் அதுதான்.

பேரன் சாப்பிட்ட கையோடு தண்ணீரை நோக்கி ஓட, பக்கத்தில் இருந்த பாட்டியம்மா பதறிவிட்டார். “மூணு மணி நேரம் ஆகலையே, பிள்ளையை விடாதீங்க” என்றாராம், மகள்தான் மொழிபெயர்த்தாள். சாப்பிட்டு நீந்தினால் மூழ்கிப்போவோம் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் உண்டவுடன் குளிப்பதை நம் வைத்தியமும் விலக்குகிறது. வயிறு முட்டத் தின்று, மேலே ஒயினும் குடித்துவிட்டுக் கடலில் இறங்குவது நிச்சயம் ஆபத்து. நான் பாட்டியம்மா கட்சி.

ஜெல்லி மீன் பட்டால் மணலால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். கடல் நீராலேயே கழுவி, ஒட்டியிருப்பதைப் பிளாஸ்டிக் அட்டையால் வழித்தெடுங்கள். மணலில் புதைந்திருக்கும் ‘திராச்சினா’ மீனின் முள் குத்தினால் வலி உயிர் போகும். அந்த விஷம் சூட்டுக்கு அடங்கும்: பொறுக்கும் அளவு சுடுநீரில் அரை மணிக்குக் குறையாமல் காலை வைத்திருங்கள். சூட்டை முதலில் மற்ற காலில் சோதித்துப் பாருங்கள். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ கைவைத்தியம் வேண்டாம், உடனே 112-க்குப் போன் செய்யுங்கள்.

முடிந்தால் ஆகஸ்டைத் தவிர்த்துச் செப்டம்பரில் போங்கள். வெயில் தணிந்திருக்கும், கடல் மட்டும் கோடைச் சூட்டை விடாமல் வைத்திருக்கும்.