மறதிநோய்ப் பராமரிப்பாளர்களுக்கான உடலியக்கச் செயலிகள்

முதுமை மறதிநோய் (டிமென்சியா) உள்ள ஒருவரை ஊதியம் ஏதுமின்றி வீட்டிலேயே கவனித்துக்கொள்ளும் மனைவி, கணவர், மகள், மகன், மருமகள் ஆகியோர் குடும்பப் பராமரிப்பாளர்கள் எனப்படுகின்றனர். இவர்கள் தம் சொந்த உடல்நலத்துக்காக நடக்கவும் உடற்பயிற்சி செய்யவும் கைப்பேசிச் செயலிகள் எந்த அளவுக்கு உதவும் என்பது பொதுச் சுகாதாரத் துறையில் பேசப்பட்டுவரும் ஒரு கேள்வி. கடையில் கிடைக்கும் எந்த நடைச் செயலியும் இதற்குப் போதும் என்று தோன்றலாம். ஆனால் அத்தகைய செயலிகள், தன் நேரம் தன் கையில் இருக்கும் ஒருவரை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை. மறதிநோயாளியைப் பார்த்துக்கொள்பவரின் நேரம் அப்படிப்பட்டதன்று.

பின்னணி

உலகில் 5.5 கோடிக்கும் மேற்பட்டோர் மறதிநோயுடன் வாழ்வதாக உலகச் சுகாதார அமைப்பு கூறுகிறது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாக 2023இல் வெளியான மதிப்பீடு தெரிவிக்கிறது. 2019ஆம் ஆண்டில் இந்நோயால் உலகுக்கு ஏற்பட்ட செலவு 1.3 இலட்சம் கோடி டாலர். இதில் ஏறத்தாழப் பாதி, குடும்பத்தினர் ஊதியமின்றிச் செய்த பணியின் மதிப்பாகும். அவர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 5 மணி நேரத்தைப் பராமரிப்பில் செலவிடுகின்றனர். இந்த நேரத்தில் 70 விழுக்காடு பெண்களுடையது.

இப்பணி உடலைப் பாதிக்கிறது. வாழ்க்கைத் துணையைப் பராமரித்துவந்த 66 முதல் 96 வயது வரையிலானோரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 1999இல் வெளியானது. பராமரிப்பால் மன, உடல் நெருக்கடிக்கு உள்ளானவர்களின் இறப்பு அபாயம், பராமரிப்புப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 விழுக்காடு கூடுதலாக இருந்தது. நெருக்கடி இல்லாமல் பராமரித்தவர்களிடம் அந்த உயர்வு காணப்படவில்லை. ஆகவே தீங்கு செய்வது பராமரிப்பு என்ற செயல் அன்று, அதனுடன் சேர்ந்துவரும் ஓயாத நெருக்கடியே.

நாள் முழுதும் ஓடியாடி வேலை செய்பவருக்குத் தனியாக உடற்பயிற்சி எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பு. படுத்திருப்பவரைத் தூக்கி உட்காரவைப்பதும், குளிப்பாட்டுவதும், இரவில் நான்கு முறை எழுவதும் உழைப்புதான். ஆனால் குனிந்து தூக்கும் வேலை இடுப்பையும் தோளையும் தேய்க்குமே தவிர, விறுவிறுப்பான நடையைப் போல இதயத்துக்கும் நுரையீரலுக்கும் தொடர் பயிற்சி தராது. அதில் ஓய்வும் இல்லை, மனமாற்றமும் இல்லை.

தொலைபேசியிலிருந்து செயலிக்கு

திறன்பேசிகள் வருவதற்கு முன்பே இம்முயற்சி தொடங்கிவிட்டது. மறதிநோயுள்ள உறவினரைப் பராமரித்த, 49 முதல் 82 வயதுக்குட்பட்ட 100 பெண்களிடம் அமெரிக்காவில் ஓராண்டு நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2002இல் வெளியாயின. ஒரு பிரிவினர் வாரம் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் 30 முதல் 40 நிமிடம், வீட்டை ஒட்டியே மிதமான பயிற்சி செய்தனர். பயிற்சிக்கூடத்துக்கு எவரும் போக வேண்டியதில்லை. ஆலோசகர் தொலைபேசியில் அழைத்து விசாரித்து ஊக்கப்படுத்தினார். ஊட்டச்சத்துப் பாடம் மட்டும் பெற்ற மற்றப் பிரிவினரோடு ஒப்பிடுகையில் இவர்களுடைய தூக்கம் மேம்பட்டது. மன அழுத்தம் தரும் சூழலில் இரத்த அழுத்தம் எகிறுவதும் குறைந்தது. இன்றைய செயலிகள் செய்ய முயல்வது, அந்தத் தொலைபேசி அழைப்பின் வேலையைத்தான்: இலக்கு குறித்துக் கொடுப்பது, நினைவூட்டுவது, செய்ததைப் பதிவு செய்து காட்டுவது. எதிர்முனையில் ஒரு மனிதக் குரல் இருந்ததை மட்டும் மறந்துவிடக் கூடாது.

பொருந்தாத இடங்கள்

கைப்பேசியிலுள்ள முடுக்கமானி உடலின் அசைவைக் கொண்டு அடிகளைக் கணக்கிடுகிறது. பேசியை உடலோடு வைத்திருந்தால்தான் கணக்கு சரியாக வரும். வீட்டுக்குள் வேலை செய்பவர் அதை அலமாரியில் வைத்துவிடுகிறார். புடவைக்குப் பையும் கிடையாது. எனவே களைத்து உட்காரும் மாலை நேரத்தில் திரை 900 அடிகள் என்று காட்டும். ஏற்கெனவே குற்றவுணர்வோடு இருப்பவருக்கு இது இன்னொரு குற்றச்சாட்டாகவே தோன்றும்.

பல செயலிகளில் தானாகவே அமைந்திருக்கும் 10,000 அடி என்ற இலக்கும் மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததன்று. 1965இல் சப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் பெயரே ‘பத்தாயிரம் அடி மானி’ என்ற பொருள் கொண்டது. அங்கிருந்து அந்த எண் பரவியது. 2019இல் வெளியான, முதிய பெண்களைப் பற்றிய ஓர் ஆய்வில், நாளுக்கு 2,700 அடி அளவில் நடந்தவர்களைவிட 4,400 அடி அளவில் நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. ஏறத்தாழ 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை.

இன்னொரு சிக்கல் நேரம். ‘மாலை 6 மணி: நடைக்குப் புறப்படுங்கள்’ என்று செயலி ஒலிக்கிறது. மறதிநோயுள்ள பலருக்கு அமைதியின்மையும் குழப்பமும் கூடுவது அந்த அந்திப் பொழுதில்தான். தொடர்ச்சியாக இத்தனை நாள் என்று எண்ணி, ஒருநாள் தவறினால் பூச்சியத்துக்குத் திரும்பும் முறையும் இவர்களுக்கு ஏற்றதன்று. தவறும் நாள்கள் அவர்கள் கையில் இல்லை.

பொருந்தும் வடிவம்

வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்பது உலகச் சுகாதார அமைப்பின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல். ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிடம் செய்தால்தான் கணக்கு என்ற 2010ஆம் ஆண்டு நிபந்தனையை அது கைவிட்டது. பராமரிப்பாளருக்கு இது பெரிய விடுதலை. நோயாளி கண்ணயரும் பத்து நிமிடமும், குக்கர் விசில் வரும்வரையிலான ஐந்து நிமிடமும் கணக்கில் சேரும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது போன்றவற்றுக்கு வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதில்லை. மூட்டு வலி, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது.

இங்கிலாந்தில் 2017இல் அறிமுகமான ‘ஆக்டிவ் 10’ செயலி அடிகளை மட்டும் எண்ணாமல், விறுவிறுப்பாக நடந்த நிமிடங்களைப் பத்துப் பத்தாகக் கணக்கிடுகிறது. இது பொதுமக்களுக்கானது என்றாலும், பராமரிப்பாளரின் துண்டு துண்டான நேரத்துக்கு இவ்வணுகுமுறை ஒத்துவரும். மணி அடித்து விரட்டாமல், ‘இப்போது ஐந்து நிமிடம் கிடைத்தது’ என்று பராமரிப்பாளரே தொட்டுத் தொடங்கும் வசதி, நோயாளியையும் கூட்டிக்கொண்டு நடப்பதற்கான பயிற்சிகள், தாய்மொழியில் ஒலிக்கும் குரல் ஆகியவையும் வேண்டும்.

உலகச் சுகாதார அமைப்பின் ‘ஐசப்போர்ட்’ இணையவழிப் பயிற்சியில் பராமரிப்பாளர் தம்மைத் தாமே கவனித்துக்கொள்வதற்கெனத் தனிப் பகுதி உண்டு. இந்தியச் சூழலுக்கு ஏற்ப அதைத் தகவமைக்கும் பணியில் பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் ஈடுபட்டது. அதன் நோக்கம் பராமரிப்புத் திறனும் மனநலமும், உடற்பயிற்சி அன்று. ஆயினும் தனிப்பட்ட நடைச் செயலியைவிட இத்தகைய பயிற்சியோடு இணைந்த உடலியக்கப் பகுதியே பராமரிப்பாளரை எளிதில் சென்றடையும்.

எல்லைகள்

வீட்டைவிட்டு வெளியே கிளம்பிப்போகும் இயல்புள்ள நோயாளியைத் தனியே விட்டுவிட்டு அரை மணி நேரம் நடக்கப் போக முடியாது. அந்த அரை மணிக்கு உடனிருக்க ஒருவர் வேண்டும். எந்தச் செயலியாலும் அது முடியாது. உறவினர்களை ஒரே குழுவில் சேர்த்து, ‘செவ்வாயும் வெள்ளியும் மாலை நான் வந்து உட்காருகிறேன்’ என்று முறை வைத்துக்கொள்ள உதவும் நாட்காட்டி வசதி, அடிமானியைவிடக் கூடுதலான நடையைப் பெற்றுத்தரக்கூடும். பகல்நேரப் பராமரிப்பு மையங்கள் உள்ள ஊர்களில் அவற்றின் விவரத்தையும் அதே செயலியில் சேர்க்கலாம்.