சுகர் மாத்திரையும் மெதடோனும்

சுகர் உள்ள ஒருவர் மூன்று மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறார். அளவு இறங்குகிறது. "அதான் நார்மல் ஆயிடுச்சே" என்று மாத்திரையை நிறுத்துகிறார். கொஞ்ச நாளில் மறுபடி முந்நூறைத் தொடுகிறது. இதைப் பார்த்து "மாத்திரை சுத்த வேஸ்ட்" என்று யாராவது சொல்வோமா? மாத்திரை போட்டவரை கட்டுக்குள் இருந்தது, நிறுத்தினதும் ஏறிவிட்டது, ஆக மாத்திரை நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது என்போம். டாக்டரும் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறுபடி எழுதிக் கொடுப்பார்.

இப்போது ஹெராயின் பழக்கம் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். முப்பது நாள் ஒரு மறுவாழ்வு மையத்தில் இருக்கிறார். உள்ளே இருந்தவரை தொடவில்லை. வெளியே வந்து மூன்றாவது மாதம் பழையபடி ஆரம்பிக்கிறார். உடனே வீட்டில் என்ன பேச்சு? "ட்ரீட்மென்ட் எல்லாம் சும்மா. இவன் திருந்தவே மாட்டான்."

நடந்தது ஒன்றுதான். சிகிச்சை இருந்தவரை நோய் அடங்கியிருந்தது, சிகிச்சை நின்றதும் திரும்பி வந்தது. முதல் கதையில் இது சிகிச்சைக்குப் பாராட்டு. இரண்டாவது கதையில் சிகிச்சைக்கும் ஆளுக்கும் சேர்த்துத் தோல்வி.

இந்த முரண்பாட்டைத் தெளிவாக எழுதி வைத்த கட்டுரை ஒன்று 2000-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜாமா இதழில் வந்தது. தாமஸ் மெக்லெல்லனும் மூன்று சகாக்களும் எழுதியது. போதைக்குச் சிகிச்சை எடுத்து வெளியே போனவர்களில் ஓராண்டுக்குள் மறுபடி ஆரம்பிப்பவர்கள் சுமார் 40 முதல் 60 சதவீதம் என்கிறார்கள். கேட்டால் பகீரென்று இருக்கும். ஆனால் பக்கத்திலேயே வேறு எண்களையும் வைக்கிறார்கள். டைப் 1 சர்க்கரை நோயாளிகளில் 30 முதல் 50 சதவீதம் பேருக்கும், பிரஷர், ஆஸ்துமா நோயாளிகளில் 50 முதல் 70 சதவீதம் பேருக்கும் வருஷத்துக்கு ஒரு முறையாவது நோய் கட்டுமீறி மறுபடி வைத்தியம் தேவைப்படுகிறது. காரணமும் ஏறக்குறைய ஒன்றுதான்: மருந்தை விடுவது, சொன்ன மாதிரி வாழ்க்கையை மாற்றிக்கொள்ளாதது. பிரஷர் மாத்திரையை மறந்துபோனவரை நாம் ஒழுக்கம் கெட்டவர் என்று சொல்வதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"நாள்பட்ட நோய்" என்றால் "குணமாகவே ஆகாத நோய்" என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். நான் படித்த வரையில் அந்தச் சொல் முக்கியமாகச் சொல்வது சிகிச்சை எவ்வளவு காலம் தேவை என்பதைப் பற்றி. அப்பெண்டிக்ஸை வெட்டி எடுத்தால் கதை முடிந்தது. பிரஷருக்கு அப்படி ஒரு ஆபரேஷன் கிடையாது. போதைநோய் பிரஷர் பக்கம் நிற்கிறது. நாம் அதை அப்பெண்டிக்ஸ் மாதிரி நடத்துகிறோம்.

இந்தத் தவறை அமெரிக்கா பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டது. 1935-ல் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் போதை அடிமைகளுக்காகவே அரசு ஒரு பிரம்மாண்டமான மருத்துவமனை திறந்தது. பாதி ஆஸ்பத்திரி, பாதி ஜெயில். சுற்றிலும் பண்ணை, நல்ல சாப்பாடு, வேலை, மனநல ஆலோசனை. மாதக்கணக்கில் வைத்திருந்து உடம்பைச் "சுத்தம்" செய்து அனுப்பினார்கள். பின்னால் அங்கிருந்து நியூயார்க்குக்குத் திரும்பியவர்களைத் தேடிப்பிடித்து விசாரித்தபோது, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மறுபடி பழக்கத்துக்குள் போயிருந்தார்கள், பெரும்பாலோர் ஆறே மாதத்தில். (ஜாஸ் மேதை சானி ரோலின்ஸ் 1955-ல் அங்கே போய், வெளியே வந்து அதன்பின் தொடாமல் இருந்தார். அப்படிப்பட்டவர்களும் உண்டு.)

லெக்சிங்டனில் வேலை பார்த்த டாக்டர்களில் ஒருவர் மேரி நிஸ்வாண்டர். இந்த அடிமைகள் குற்றவாளிகள் இல்லை, நோயாளிகள் என்று 1956-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதைப் படித்தவர்களில் ஒருவர் நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் இருந்த வின்சென்ட் டோல். அவருக்கும் போதைக்கும் சம்பந்தமே இல்லை, உடல் பருமன் பற்றி ஆராய்ந்தவர். எடை குறைத்தவர்கள் ஏன் மறுபடி குண்டாகிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தவருக்கு, ஹெராயினை விட்டவர்கள் ஏன் மறுபடி அதற்கே போகிறார்கள் என்ற கேள்வி அந்நியமாகத் தெரியவில்லை போலும். 1964 வாக்கில் இருவரும், மேரி ஜீன் க்ரீக் என்ற இளம் டாக்டரும் சேர்ந்தார்கள்.

முதலில் நோயாளிகளுக்கு மார்ஃபின் கொடுத்துப் பார்த்தார்கள். நாளுக்குப் பல ஊசி. அளவு ஏறிக்கொண்டே போனது. அவர்கள் நாள் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்து அடுத்த ஊசி எப்போது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மெதடோனுக்கு மாற்றினார்கள். 1930களின் கடைசியில் ஜெர்மனியில் வலி நிவாரணியாக உருவாக்கப்பட்ட மருந்து அது. வாய்வழியாக, நாளுக்கு ஒரு வேளை. சில வாரங்களில் ஒருவர் படம் வரைய ஆரம்பித்தார். இன்னொருவர் விட்டுப்போன பள்ளிப் படிப்பைத் தொடர முடியுமா என்று கேட்டார். 22 நோயாளிகளின் கதையை 1965-ல் ஜாமாவில் வெளியிட்டார்கள். அடிமைகளுக்கு டாக்டர்கள் தொடர்ந்து இப்படி மருந்து கொடுப்பது 1919-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சட்டப்படி ஆபத்தான காரியமாக இருந்த காலம் அது. போதைத் தடுப்பு அதிகாரிகள் டோலை மிரட்டியும் பார்த்தார்கள். 1988-ல் அவருக்கு லாஸ்கர் விருது கிடைத்தது.

"ஒரு போதையை விட்டு இன்னொரு போதை, இதில் என்ன பெருமை?" இந்தக் கேள்வி அன்றும் வந்தது, இன்றும் வருகிறது. நியாயமான கேள்விதான்.

ஹெராயின் மூளைக்குள் போனதும் மார்ஃபினாக மாறி, நம் உடம்பு தானே சுரக்கும் வலி நிவாரணிகளுக்கென்று இருக்கும் ஏற்பிகளில் போய் உட்காருகிறது. நொடிகளில் உச்சம். நாலைந்து மணி நேரத்தில் இறக்கம். இறங்கும்போது மூக்கு ஒழுகும், உடம்பெல்லாம் புல்லரிக்கும், வயிற்றுப்போக்கு, எலும்பை முறுக்குகிற வலி. அதிலிருந்து தப்பிக்க அடுத்த ஊசி. ஒரே நாளில் இப்படிப் பலமுறை ஏறி இறங்குபவரால் வேலை பார்க்க முடியுமா, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட முடியுமா? மெதடோனும் அதே ஏற்பியில்தான் உட்காருகிறது. ஆனால் மெதுவாக ஏறி, ஒரு நாளுக்கு மேல் சமமாக நிற்கிறது. சரியான அளவு கண்டுபிடித்தபின் போதையும் இல்லை, வித்ட்ராயலும் இல்லை. மேலே ஹெராயின் போட்டாலும் பெரிதாக ஏறாது, இடம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. உடம்பு மெதடோனைச் சார்ந்திருக்கிறது, உண்மை. இன்சுலினைச் சார்ந்திருப்பவரை நாம் இன்சுலின் அடிமை என்று சொல்வதில்லை.

மெதடோன் அமிர்தம் ஒன்றும் இல்லை. அளவு மிஞ்சினால் கொல்லும், இதயத் துடிப்பின் லயத்தைப் பாதிக்கலாம், பல நாடுகளில் தினமும் கிளினிக்கில் வரிசையில் நிற்க வைக்கும். ஆனாலும் இந்தச் சிகிச்சையில் இருப்பவர்களையும் அதை விட்டுப் போனவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளையெல்லாம் சேர்த்து 2017-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு தொகுப்பு வந்தது. ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால், மெதடோனில் இருக்கும்போது சுமார் 11 மரணம், விட்ட பிறகு சுமார் 36. பிரான்ஸ் 1995-ல் இதே வகை மருந்தான பூப்ரெனார்ஃபினைச் சாதாரண குடும்ப டாக்டர்களே எழுதலாம் என்று அனுமதித்தது. நாலே வருஷத்தில் அங்கே ஓவர்டோஸ் சாவுகள் ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன.

விட்ட பிறகு ஏன் சாவு கூடுகிறது? குடும்பங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். தொடர்ந்து ஹெராயின் எடுப்பவரின் உடம்பு அதைத் தாங்கப் பழகுகிறது, மூச்சை இயக்கும் மூளைப் பகுதி உட்பட. புதிதாக ஒருவர் எடுத்தால் மூச்சு நின்றுவிடும் அளவை இவர் எடுத்துவிட்டு நடமாடுவார். சில வாரம் விட்டால் அந்தத் தாங்குதிறன் போய்விடும். ஆனால் ஏக்கம் போகாது. பழைய நண்பன், பழைய தெரு, சம்பள நாள் என்று ஏதோ ஒன்று கிளப்பிவிடும். பழைய ஞாபகத்தில் பழைய அளவையே ஏற்றிக்கொள்வார். உடம்பு மட்டும் புது ஆளின் உடம்பு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையான 30,000 பேருக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வு 2007-ல் வந்தது. வெளியே வந்த முதல் இரண்டு வாரத்தில் ஓவர்டோஸில் சாகும் வாய்ப்பு ஊரில் உள்ள மற்றவர்களைவிட 129 மடங்கு.

அப்போது "முப்பது நாள் சுத்தம் பண்ணி அனுப்புகிறோம்" என்பது, தொடர் சிகிச்சை இல்லாமல் செய்தால், அரைகுறை வைத்தியம்கூட இல்லை. ஓபியாய்டு விஷயத்தில் சும்மா இருந்ததைவிட ஆபத்தாகவே முடியலாம். (குடியில் ஆபத்து வேறு மாதிரி. வருஷக்கணக்கில் நிறையக் குடித்தவர் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தினால் வலிப்பும் ஜன்னியும் வந்து அதிலேயே உயிர் போகலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.)

எதிர்க்கட்சி வாதம் ஒன்றையும் சொல்லாமல் போனால் நான் ஏமாற்றியதாக ஆகும். வியட்நாம் போரிலிருந்து 1971-ல் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்தார். ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமையாகியிருந்தார். ஊருக்கு வந்த மூன்று வருஷத்தில் அவர்களில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 12 சதவீதம்தான். லெக்சிங்டன் கணக்கோடு ஒப்பிட்டால் தலைகீழ். "பார்த்தீர்களா, இது நோயே இல்லை, சூழ்நிலை" என்று சொல்பவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். எனக்கு இரண்டும் மோதுவதாகத் தெரியவில்லை. சிப்பாய்கள் மருந்து கிடைத்த இடத்தையும் போரையும் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தார்கள். ஹார்லெம்காரர் லெக்சிங்டனிலிருந்து அதே ஹார்லெமுக்குத் திரும்பினார். எடையைக் குறைத்தாலே சுகர் இறங்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதனால் சுகர் நோய் இல்லை என்று ஆகிவிடாது. பழக்கம் உள்ள எல்லோருக்கும் நாள்பட்ட நோய் கிடையாது. ஆனால் நாலைந்து முறை விட்டு, நாலைந்து முறை திரும்பியவருக்கு "வியட்நாமில் விட்டார்களே, உனக்கென்ன" என்று சொல்வதில் எந்தப் பயனும் இல்லை.

அடிமை என்ற நம் சொல்லே கொஞ்சம் சிக்கல். ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலமும், கடனுக்காகக் கடன்காரனிடம் ஒப்படைக்கப்பட்ட ரோமானியனைத்தான் குறித்தது. தமிழில் "குடிநோய்" என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடித்தது.

எல்லா போதைக்கும் மெதடோன் மாதிரி மருந்து கிடையாது. குடிக்கு நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்றவை உண்டு, மிதமான பலன். கொகைனுக்கும் மெத்துக்கும் நிரூபணமான மருந்து இன்னும் இல்லை. அங்கே நன்றாகப் பலன் தருவது, பரிசோதனையில் சுத்தமாக இருந்தால் சின்னப் பரிசு கொடுக்கும் முறை. கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும், வேலை செய்கிறது.

இந்தியாவில் என்ன நிலை? 2019-ல் வந்த எய்ம்ஸ் கணக்கெடுப்பின்படி 10 முதல் 75 வயதுக்குள் சுமார் 2 சதவீதம் பேர் ஓபியாய்டு வகைகளைப் பயன்படுத்துகிறார்கள். பூப்ரெனார்ஃபின் இங்கேயும் கிடைக்கிறது. எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் அரசு மையங்களில் ஊசி போடுபவர்களுக்கு இலவசமாகவே கொடுக்கிறார்கள். 2017 மனநலச் சட்டம் குடி, போதை சார்ந்த மனநலப் பிரச்சினைகளை மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. ஆகவே வீட்டில் ஒருவரை எங்காவது சேர்க்கப் போகிறீர்கள் என்றால், கட்டிலையும் சாப்பாட்டையும் பார்ப்பதோடு இதையும் கேளுங்கள்: உள்ளே டாக்டர் இருக்கிறாரா, இந்தப் போதைக்கு மருந்து தருகிறீர்களா, முப்பத்தொன்றாவது நாள் அவர் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும், மறுபடி ஆரம்பித்துவிட்டால் திட்டாமல் திரும்பச் சேர்த்துக்கொள்வீர்களா?