சுருக்கமும் மறைப்பும்

மட்டக்களப்புக் கூத்தைப் பற்றிச் சமூக ஊடகங்களில் எழுதப்படுவனவற்றை நான் விருப்புடன் படித்து வருகின்றேன். முகநூல் விரிவுரைக்கு இடந்தருகின்றது. எக்ஸ் தளமோ கட்டணஞ் செலுத்தாதோர்க்கு 280 குறிகளையே அளிக்கின்றது. ‘கூத்து’ என்னும் மூன்றெழுத்துச் சொல் அங்கே ஆறாகக் கணக்கிடப்படும். இன்ஸ்டகிராமிலே படமே முதலிற் பேசும்; அதன்கீழ்த் தொடக்கச் சொற்கள் சிலவே வெளியே தெரியும். ஆதலின், இடத்துக்கேற்பச் சொல்லை அளந்திடுதல் தக்கதே. விடியவிடிய ஆடப்பட்ட கூத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மேடைக்கெனச் சுருக்கினாரல்லவா? ஆயின், வடமோடியா தென்மோடியா என்பதையும், ஆடிய ஊரையும், பழக்கிய அண்ணாவியாரையும் விடுத்து, ‘தமிழர் நடனம்’ என்று மட்டும் எழுதுவது சுருக்கமன்று, மறைப்பு. கலையை வளர்த்தவர் பெயரற்றவராகின்றனர். மாணவர்களே, எத்தளத்தில் எழுதினும் இம்மூன்றையும் முதலில் எழுதுங்கள். எஞ்சிய இடத்திலே அலங்காரஞ் செய்யலாம்.